மெசினுக்கு வேர்க்குமாம்

“மனிசனுக்கு ஒரு விசிறி இல்ல. மெசினுக்கு ஏசி!”

முகாம் சனத்தின் தலைவர் இளையதம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே முழங்கினார். சீனி போடாத தேநீர். சுற்றி நின்ற சனம் தலையாட்டியது.

செட்டிபாளையம் முகாமில் பாதிப்பேர் கடல் வந்தபோது வீட்டை இழந்தவர்கள். மீதிப்பேர் செல்லடிக்குத் தப்பி வாவியைத் தாண்டி வந்தவர்கள். எல்லோருக்கும் தலைக்கு மேல் தறப்பாள்தான். வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது.

முகாமில் ஒரேயொரு குளிர் அறை. அதில் ஒரு கணினி குடியிருந்தது. கைத்தொலைபேசிக்குள் வைக்கும் சிப்பும், வங்கிகளை ஓட்டும் மென்பொருளும் செய்கிற வெளிநாட்டுக் கம்பனியொன்று, அகதிகளின் பெயர்களைப் பதிந்து வைக்கக் கொடுத்த அலுமாரி அளவு மெசின். அகதிக்கு வீடு கொடுக்கும் முன்பே அகதியின் பெயருக்கு வீடு கட்டிய கம்பனி. மெசினுக்கென்று தனி ஜெனறேற்றர், தனி ஏசி, தனிப் பூட்டு.

பூட்டின் திறப்பு, மெசினைப் பார்த்துக்கொள்ளும் காத்தான்குடி அஸாமிடம் இருந்தது. கொளுத்துகிற வெயிலில் சுவெற்றர் போட்டுக்கொண்டு உள்ளே போவான். “வாசலிலயாவது கொஞ்சம் நிக்க விடுங்க தம்பி” என்று யாராவது கேட்டால், “மெசினுக்கு வேர்க்கும்” என்று கதவைச் சாத்துவான்.

“கம்பனிக்காரன் ட்றெவரே உள்ளுக்குப் போறல்ல!” என்றார் இளையதம்பி. “கொழும்பில இருந்து வாறார், கதவத் தொட்டுப் பாக்கார், ‘குளிர் சரி’ எண்டுட்டுப் போறார். இண்டைக்கு அவர் வரக்குள்ள கதவத் திறக்காம விடமாட்டம்!”

“அண்ணன், கத்தாதீங்க. காலையிலதான் உங்களுக்கு ஊசி போட்டன்” என்றாள் முகாம் தாதி ஜக்குலின்.

“ஊசி போடுறது உங்கட வேலை மிஸ்ஸி. போராடுறது என்ட வேலை.”

தெருவில் ட்றெவரின் வாகனப் புழுதி தெரிந்தது. சனத்தோடு போய் இளையதம்பி கதவில் ஓங்கித் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. அஸாமின் கை வந்து அவரை மட்டும் உள்ளே இழுத்தது. கதவு மூடிக்கொண்டது.

உள்ளே நல்ல குளிர். மெசினின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வயருமில்லை, ஒன்றுமில்லை. தட்டுத்தட்டாகச் சின்னச் சின்னப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி ஒரு பெயர்.

“மெசின் எங்க மனே?”

“அது வந்த மாசமே செத்துட்டு அண்ணன். கடல் காத்து பட்டு உப்புப் புடிச்சிட்டு.”

“அப்ப இது?”

“இன்சுலின். முகாமில இரிக்கிற சீனி வருத்தக்காரர் எல்லார்ட மருந்தும் இதுதான். தறப்பாளுக்குள்ள வெச்சாப் பழுதாப் போயிரும். மெசின் செத்துட்டெண்டு கம்பனிக்குத் தெரிஞ்சா ஏசிய கழட்டிக்கிட்டுப் போயிருவானுகள்.”

மேல்தட்டுப் போத்தலில் ‘இளையதம்பி’ என்றிருந்தது. ஜக்குலினின் கையெழுத்து. இளையதம்பி அதைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏன் என்னட்டச் சொல்லல்ல?”

“உங்களுக்குச் சொன்னா நோட்டீஸ் அடிச்சிருவீங்களே அண்ணன்!”

வெளியே “திற! திற!” என்று சத்தம் ஏறியது. வாகனம் வந்து நின்றது.

இளையதம்பி வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார்.

“என்ன பிரச்சினை?” என்று கேட்டார் ட்றெவர். மட்டக்களப்பில் பிறந்த பறங்கியர், தமிழ் தண்ணியாக ஓடும்.

சனம் தலைவரைப் பார்த்தது. வாசல் வரை வந்து ஒருநாளும் பின்வாங்காத தலைவர். அவர் தொண்டையைச் செருமினார்.

“இந்த வெயிலுக்கு உங்கட மெசினுக்கு ஒரு ஏசி காணுமா? பாவம், வேர்த்து ஒழுகுது! இன்னொரு ஏசி வேணும். தராம இந்த இடத்த விட்டு அசைய மாட்டம்!”

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேர் “வேணும்! வேணும்!” என்றார்கள்.

ட்றெவர் வழக்கம்போலக் கதவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இளையதம்பியின் காதருகே குனிந்தார்.

“ஏன் அண்ணன், சீனி வருத்தக்காரர் கூடிட்டாங்களா?”