குழாயில் இறங்கிய கோமாளி மீன்

குழாய் வழியே கீழே போகாதே என்றோ, போனால் திரும்பி வர வழியில்லை என்றோ தொட்டியிலிருந்த கிழட்டு நத்தை ஒருமுறை சொல்லியிருந்தது. கோமாளி மீனுக்குச் சரியாக நினைவில்லை.

பவளத் தொட்டியில் அது தினமும் ஹீட்டர்மேல் சாய்ந்துதான் தூங்கும். ஒருநாள், ஹீட்டரும் பம்பும் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று வீட்டுக்காரர் கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி வைத்து, இரண்டையும் அங்கே ஒளித்துவிட்டார். மேல்தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியே அங்கே இறங்கி, சூடாகித் திரும்பி வந்தது.

இரண்டு இரவு தூக்கமில்லாமல், மூன்றாம் நாள் மீன் குழாய்க்குள் பாய்ந்தது. ஒரு குட்டிக்கரணம், இன்னொரு குட்டிக்கரணம், அப்புறம் தொப்பென்று ஹீட்டர் பக்கத்திலேயே விழுந்தது.

"வாங்க மாப்ளே, அழகா இருக்கறவங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றது பம்ப்.

"தண்ணியச் சூடாத்தானேடா அனுப்பறேன்?" என்றது ஹீட்டர்.

"சூடு வருதுண்ணே. நீங்க வரலையே" என்றது மீன்.

மீன் சாய்ந்து கண்ணயர்வதற்குள் வீட்டுக்காரர் பதறி ஓடிவந்து, வலையால் அள்ளி மேலே விட்டார். மீன் மறுபடி குதித்தது. அவர் மறுபடி அள்ளினார். நாலாவது தடவை அது வலைக்குள் தானாகவே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டது.

"மாப்ளைக்கு லிஃப்ட் வந்தாச்சு" என்று பம்ப் குலுங்கிச் சிரித்தது.

விருந்தாளிகள் வரும் மாலைகளில் மட்டும் மேலே இருப்பது, மற்ற நேரமெல்லாம் கீழே தூங்குவது என்று மீன் முடிவு செய்தது.