வக்கீல் லிடியா வூட்டுச் சண்டை

"கேஸை வாபஸ் வாங்கப் போறியா, இல்லியா?"

ரெக்ஸ் கத்தியது தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"முடியாது!" இது லிடியா.

"அந்தச் சுரங்கத்துச் சம்பளத்துலதான் இந்த வூட்டுல உலை கொதிக்குது. அதும் மேலயே கேஸ் போடுவியா நீ?"

மூன்று வாரமாக இதே கூத்துதான். ரெக்ஸுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. சனி, ஞாயிறு மட்டும் கள்ளக்குறிச்சிக்கு வருவான். பெண்டாட்டி லிடியா வக்கீல். அந்தச் சுரங்கத்தை இன்னும் விரிவாக்கக் கூடாது என்று, கல்வராயன் மலை விவசாயிகளுக்காக வழக்குப் போட்டிருந்தாள்.

பச்சையம்மாளுக்கே முதலில் விளங்கவில்லை. "சுரங்கம் எங்கியோ கிடக்குது. மலையில இருக்கறவங்களுக்கு இன்னாம்மா நஷ்டம்?" என்று கேட்டாள்.

"கரியை எரிச்சா வர்ற புகைதான்க்கா பூமியைச் சூடாக்குது. மழை தாறுமாறாப் பெய்யுது, மலையில சாமை கருகுது. அனுமதி குடுத்தவங்க அந்தப் புகையைக் கணக்குலயே எடுத்துக்கல. அதைத்தான் கோர்ட்டுல கேக்கறேன்."

அன்றிலிருந்து பச்சையம்மாள் லிடியா கட்சி. இப்படிப்பட்ட பெண்ணுக்கு இப்படி ஒரு புருஷனா!

'டமார்!' பாத்திரம் உருளும் சத்தம்.

"ஐயையோ, கை நீட்டிட்டானா படுபாவி!"

கையில் கிடைத்த துடைப்பத்தோடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

லிடியா கட்டிலில் சம்மணம் போட்டு கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரெக்ஸ் தரையில் குந்தி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஓர் அண்டா கவிழ்ந்து கிடந்தது.

"நாளைக்கு விசாரணைங்க. ஒரு வரிகூட மண்டையில ஏறல. சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள் லிடியா, தலையைத் தூக்காமலே.

ரெக்ஸ் பச்சையம்மாளைப் பார்த்துவிட்டான். "அக்கா, கதவைச் சாத்துங்க, சீக்கிரம்!"

"இன்னாடா இது?"

"எங்க கான்ட்ராக்டர் சின்னதுரை எதிர் டீக்கடையில குந்திக்கினு இருக்காரு. பொண்டாட்டியை மிரட்டி வாபஸ் வாங்க வை, இல்லன்னா வேலைக்கு வராதேன்னுட்டாரு. அதான் மிரட்டிக்கினு இருக்கேன்."

"அப்ப உனக்குக் கோவமே இல்லியா?"

லிடியா இப்போதுதான் நிமிர்ந்தாள். "கேஸை எடுக்கச் சொன்னதே இவர்தான்க்கா. இவரு வேலைக்கு ஆபத்தாச்சேன்னு நான் வேற வக்கீலுக்குத் தள்ளப் பார்த்தேன். விடல."

ரெக்ஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம்தான். "மலைமேல கரியாலூர்ல மாமனார் காடு ரெண்டு வருசமாக் கருகிக் கிடக்குது. நான் வெட்டற கரிதானே எரியுது? இருக்கற குழியே போதும்க்கா. ஆனா, வேற வேலை கிடைக்கறவரைக்கும் எனக்கு இது வேணுமில்ல?"

பச்சையம்மாள் துடைப்பத்தை மூலையில் போட்டாள். வெளியே வந்தாள். டீக்கடைப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவே அதிரக் கத்தினாள்:

"பாவம் அந்தப் புள்ள! மூணு வாரமாத் தொண்டைத் தண்ணி வத்த மிரட்டறான், இந்த ராங்கிக்காரி கேக்கறாளா பாருங்க!"