வெளுத்த பவளத்தின் சிவப்புப் படம்

கடலுக்கடியில் படமெடுக்கும் கேமரா ஒன்றுக்கு ஒரு மனக்குறை இருந்தது. எதை எடுத்தாலும் நீலம் பூத்து, சோகை பிடித்த முகம்போல வரும். அதன் படங்களை யாரும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை.

ஒருநாள் அது கடலில் இறங்கியபோது, எலும்பாய் வெளுத்துக் கிடந்த பவளப்பாறை கூப்பிட்டது. "தண்ணீர் சுடுகிறது தம்பி. என் நிறமெல்லாம் போய்விட்டது. நான் சாகக் கிடப்பதை மேலே இருப்பவர்களுக்குக் காட்டு. யாராவது வருவார்கள்."

"கட்டாயம் காட்டுகிறேன் அக்கா" என்றது கேமரா.

கரையில், கணினிக்குள் படம் திருத்தும் மென்பொருள்கள் இரண்டு இருந்தன. மூத்தது சொன்னது: "தூசியைத் துடைப்பேன், அவ்வளவுதான். நீ பார்த்ததுதான் படத்தில் இருக்கும்."

இளையது குழைந்தது: "தண்ணீருக்குச் சிவப்பைத் திருடுவதே வேலை; அதனால்தான் உன் படமெல்லாம் நீலமாய் வருகிறது. நான் அதை மீட்டுத் தருகிறேன். அப்புறம் பார், எல்லோரும் உன் படத்தைத்தான் பேசுவார்கள்."

கேமராவுக்குப் பவளத்தின் ஞாபகம் வராமல் இல்லை. ஆனாலும் படத்தை இளையதிடமே கொடுத்தது. அதுவோ வெளுப்பு மொத்தத்தையும் தண்ணீரின் திருட்டு என்றே நினைத்து, பவளத்துக்குப் பட்டுச்சேலை கட்டினாற்போல் சிவப்பேற்றியது. பார்த்தவர்கள், "இந்த இடத்துக்குப் போயே ஆகணும்" என்று துடித்தார்கள்.

மறுமாதம் கேமரா மறுபடி இறங்கியது. பவளத்தின் ஒரே ஒரு கிளையில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"காட்டினாயா தம்பி? யாராவது வருகிறார்களா?"

"ஏகப்பட்ட பேர் வருகிறார்கள் அக்கா" என்றது கேமரா, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு.

மேலே சுற்றுலாப் படகுகளின் நிழல்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பவளம் நிம்மதியாய் அண்ணாந்து பார்த்தது. முதல் நங்கூரம் இறங்கிக்கொண்டிருந்தது.