யாரையும் நம்பாத பெட்டி

செத்துப்போன ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்தார் கோதண்டம். ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்து அது நின்றுபோனதிலிருந்து அவருடைய ஸ்பேனரும் சுத்தியலும் அதற்குள்தான் குடியிருக்கின்றன.

கதவை அறைந்து சாத்தினார். ஃபிரிட்ஜே ஆடியது. மார்கழி வந்தால் டீக்கடை அடுப்போரம் ஓடிவிடுகிற பூனை, இந்தத் தடவை ஃபிரிட்ஜ் மேலே லேஸ் துணியில் சுருண்டு கிடந்தது. ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"அத்த எத்துகினு எங்க கெளம்பிட்ட?" என்றாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சொக்கம்மாள்.

"மேல கீறானே உன் செல்லப்புள்ள, அவன் வயர வெட்டத்தான்!"

விஷயம் இதுதான். செல்போனில் கேரம் ஃபைனல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆடி வளர்ந்த தண்டையார்பேட்டை க்ளப். க்ளப் பையன் சிவப்புக் காய்க்குக் குறிவைத்து விரலை மடக்கிய நேரத்தில் படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நாளாகவே இதே ரோதனை. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே நெட் லைன்.

மாடியில் குடியிருக்கும் பெனிட்டோ தூத்துக்குடிக்காரன். காசிமேட்டில் சித்தப்பாவின் கயிற்றுக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன். அறையில், பிட்காயின் என்ற இணையப் பணத்தின் வரவு செலவைக் குறித்துக்கொள்ளும் பெட்டி ஒன்று வைத்திருந்தான். உலகத்தில் உள்ள மற்ற பெட்டிகளோடு அது நாள் முழுக்க ஏதோ பேசிக்கொண்டே இருக்கும்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன் பாரி அம்மாவுக்கு அனுப்புவதும் அந்தப் பிட்காயினில்தான். வந்ததா, வரவில்லையா என்று சொக்கம்மாள் பெனிட்டோவைத்தான் கேட்பாள். கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவன் வந்துச்சின்னா வந்துச்சி, வர்லன்னா வர்லியா? மண்டைல இன்னாதான் கீது உனக்கு? எவனையும் நம்பாதன்னு எத்தினி வாட்டி சொல்றது!" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவார். அவள் "ம்" என்பதோடு சரி.

படியேறிப் போய்க் கதவைக் காலால் தள்ளினார்.

"அய்யா, வெட்டிராதீங்க!" பெனிட்டோ பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். "இது அவ்வளவு நெட்டு எடுக்காது."

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் ராப்பகலா அனுப்பிகினு கீது. எடுக்காதாமே!"

"எல்லாத்தையும் எல்லாருக்கும் அனுப்பாது அய்யா. இன்னின்ன கணக்கு எங்கிட்ட இருக்குன்னு சின்ன அடையாளத்தை மட்டும் சொல்லும். எதிர்ப் பெட்டி தங்கிட்ட இருக்கிறதோட ஒத்துப் பார்த்துட்டு, இல்லாததை மட்டும் கேட்கும். அந்தத் துண்டு மட்டுந்தான் போகும்."

"எதிர்ல கீறவன் டூப்பு வுட்டான்னா?"

"விட்டா எடுபடாது. யாரு சொல்றதையும் இது நம்பாது. ஒவ்வொண்ணையும் தானே சரிபார்த்துட்டுத்தான் உள்ளே எடுத்துக்கும்."

கோதண்டம் ஒரு நொடி அந்தப் பெட்டியை மரியாதையாகப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு வயரை நறுக்கென்று வெட்டினார்.

கீழே வந்து பார்த்தால், வட்டம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் மூச்சு வாங்கப் படியேறினார்.

"டேய், அத்த வெட்டியும் சுத்துது, இன்னொரு பொட்டி வெச்சிகீற. எங்க கீது?"

பெனிட்டோ தலையைச் சொறிந்தான். "இருக்கு அய்யா. புதுசு. புதுப் பெட்டின்னா முதல்லேர்ந்து நடந்த அத்தனை கணக்கையும் இறக்கிச் சரிபார்க்கணும். அதுவரைக்கும் நெட்டைத் திங்கத்தான் செய்யும். முடிஞ்சதும் இதை மாதிரி அடங்கிரும்."

"எங்க கீதுன்னு கேட்டேன்."

"சொல்ல மாட்டேன்."

"என் வூட்ல குந்திகினு எனக்கே சொல்ல மாட்டியா?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். வெளியே பிடிச்சுத் தள்ளுனாலும் சொல்ல மாட்டேன்."

"தள்ளிட்டா போச்சி!"

கொடியில் கிடந்த சட்டைகளை வாரிப் பையில் திணித்து, பாயையும் சேர்த்துப் படியில் உருட்டிவிட்டார். பை உருண்டு வந்து சொக்கம்மாள் காலடியில் நின்றது. பின்னாலேயே இறங்கி வந்த பெனிட்டோ, அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பையைத் தூக்கித் தோளில் மாட்டினான்.

"எங்க போற நீ? கீழ வை" என்றாள் சொக்கம்மாள்.

"அவன் போவட்டும்! வாயத் தொறக்காதவனுக்கு என் வூட்ல எடமில்ல!"

"யோவ், கத்தாத. வாயத் தொறக்காதன்னு சொன்னதே நான்தான்."

கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இத்தனை மீன் வாசனைக்கும் இறங்கி வராத பூனையைத் தூக்கித் தரையில் விட்டாள். அது படுத்திருந்த, அடியிலிருந்து சூடேறிக் கிடந்த லேஸ் துணியை ஒதுக்கினாள்.

அடியில் ஸ்டெபிலைசர் இருக்கிறது என்றுதான் கோதண்டம் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அங்கே கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் கை பிளேயரோடு மெல்ல மேலே எழும்பியது.

"வயர்ல கை வெச்ச, அப்பால நடக்கறதே வேற! எவனையும் நம்பாதன்னு நீதான சொன்ன? பாரி அனுப்புனது வந்துச்சா இல்லியான்னு இனிமே நானே பாத்துக்குவேன். மொத்தமும் எறங்கற வரிக்கும் உன் கேரம் சுத்தட்டும்... இப்போ அந்தப் பைய எத்துகினு போயி மேல வையி."