வேவு ஓட்டம்

"இந்த இடம் நமக்குச் சரிப்படாது. பையனுக்கு உள்ளுக்குள்ளே ஏதோ கோளாறு இருக்கு!"

வாசலிலேயே ஷூவை உதறிவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உள்ளே வந்த டிக்கெட் பரிசோதகர் அறிவித்தார். காபி ஆற்றிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது. மேஜையில் பூச்சாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் மட்டும் நிமிரவில்லை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் தெருவில் அவருக்கு டிக்கெட் பரிசோதகர் என்ற பெயர் போகவில்லை. புத்தியும் போகவில்லை என்று வையுங்கள். எதிரே வருகிற யாரையும், டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிற மகள், "ஒரு மாட்டு டாக்டரை எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று வாயைத் திறந்ததும், "மூணு வாரம் டைம் கொடு. விசாரிக்காம சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார்.

அவர் விசாரிப்பதென்றால் நாலு பேரிடம் கேட்பதோடு முடியுமா? ஊர் ஓரத்துச் சின்னக் காட்டைச் சுற்றி வட்டமாகத் தார்ப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர். பையன் காலையில் அங்கேதான் ஓடுகிறான் என்று மகள் வாயிலிருந்தே துப்புக் கிடைத்தது. மறுநாளே புது ஷூ வாங்கி, ஆறரை மணிக்கு அவன் பின்னாலேயே கிளம்பிவிட்டார். இதயத்துக்குப் பார்க்கிற டாக்டர் "நடங்க, நடங்க" என்று தலைகீழாக நின்றும் தெருமுனையைத் தாண்டாத மனுஷன்! வம்பு என்று வந்ததும் காலுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, தெருவே வாயைப் பிளந்தது.

"என்னங்க கோளாறு? போட்டோவுல நல்லாத்தானே இருக்கார்?"

"நீ முகத்தைப் பார்த்துச் சொல்றே. நான் மூணு வாரமா முதுகைப் பார்த்துட்டுச் சொல்றேன். அவன் பாதை வாசல்ல வந்து நிக்கும்போதே சட்டை தெப்பலா நனைஞ்சிருக்கு. இன்னும் ஒரு அடிகூட ஓடலை! சும்மா நிக்கிறவனுக்கு அப்படி வேர்க்குமா?"

"புழுக்கமா இருந்திருக்கும்."

"காட்டுக்குள்ள சிலுசிலுன்னு காத்து. எனக்கே குளிருது. அப்புறம், அது ஓட்டமா? ஊர்வலம்! வாத்துக் குளத்துக்கிட்ட ஒரு தடவை நிப்பான். மரப்பாலத்துல ஒரு தடவை. பறவைப் படம் போட்ட பலகை முன்னாடி நின்னு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பான். தினம் அதே பலகை. அதுல இருக்கிறதே நாலு கொக்கு!"

"மாட்டு டாக்டர் கொக்கைப் பார்த்தா குத்தமா?" மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதே. நின்னுட்டு, திரும்பித் திரும்பி வேற பார்க்கிறான். திருட்டு முழி! முப்பது வருஷம் ரயில்ல அந்த முழியைப் பிடிச்சுத்தான் இந்தக் குடும்பம் நடந்தது."

"உங்களைப் பார்த்துட்டாரோ?"

"என்னையா? அவன் திரும்பினா நான் மரத்துக்குப் பின்னாடி!"

மரத்தைவிட அவர் அகலம் என்று சொல்ல மனைவிக்கு நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"இதையும் கேளு. முதல் வாரம் நடந்தான், நடந்தேன். அடுத்த வாரம் கொஞ்சம் வேகம் எடுத்தான், நானும் எடுத்தேன். இன்னிக்கு ஓடினான், ஓடினேன். அறுபத்திரண்டு வயசுக்காரன் எட்டிப் பிடிச்சுடறேன். இவன் இருபத்தெட்டு வயசுல ஒரு சுத்து முடிச்சதும் வண்டியில ஏறிப் போயிடறான். ரெண்டாவது சுத்துக்கு உடம்பு தாங்கலை!"

பையன் வீட்டார் பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பரிசோதகர் போனைக் கையில் எடுத்தார். ஆனால் உடனே எண்ணை அழுத்தவில்லை. மகள் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

"உனக்கு இருக்கிறது ஒரு வாழ்க்கைம்மா. நாளைக்கு நீ அவனைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறதை என்னால பார்க்க முடியாது. என்மேல கோபம்னா இருந்துட்டுப் போகட்டும். வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

எண்ணை அழுத்திவிட்டார். மணி அடிக்கத் தொடங்கியது.

"அப்பா, போனை வைங்க!" மகள் துணியை மேஜைமேல் போட்டாள். "சொல்லக் கூடாதுன்னு அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்..."

"பார்த்தியாடி! வியாதியை மறைக்கச் சத்தியம் வேற!"

"வியாதி அவருக்கில்லைப்பா. அவர் அஞ்சு மணிக்கே வந்து அஞ்சு சுத்து ஓடி முடிச்சுடறார். ஆறரை மணிக்கு வர்ற ஆறாவது சுத்து, உங்க ஹார்ட் டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தது."

மறுமுனையில் யாரோ இரண்டு தடவை "ஹலோ" சொல்லிவிட்டார்கள். பரிசோதகர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒண்ணுமில்லை சம்பந்தி, மாப்பிள்ளையை நாளையிலேர்ந்து நாலு சுத்தோட நிறுத்திக்கச் சொல்லுங்க... எனக்கு ஒரு சுத்து பத்தலை!"