தேர்ச்சி இல்லை

பழைய டீசல் டாக்சி ஒன்றுதான் லூர்துவின் பிழைப்பு. புகைப் பரிசோதனை நிலையத்தை நடத்துபவள் அவன் தங்கை செல்சியா. புகை வரம்பு இன்னொரு படி இறங்கிய வாரத்தில், பின்னால் ஆறு டாக்சிகள் காத்திருக்க, அவன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் கருவியைப் புகைக்குழாயில் செருகி, "ஆக்சிலேட்டர மிதிண்ணே" என்றாள். மூன்று முறையும் எண் வரம்பைத் தாண்டியது.

"போன தடவ தேறுன வண்டிதானட்டி இது?"

"வண்டி அப்படியேதான் இருக்கு. அளவத்தான் குறைச்சிட்டாங்க."

"நாளைக்கு ஏர்போர்ட் சவாரி இருக்குட்டி. நீ நெனச்சா சர்டிபிகேட் போட்டுத் தரலாம்லா?"

அவள் 'தேர்ச்சி இல்லை' என்று அச்சாகி வந்த தாளைக் கிழித்து அவன் கையில் கொடுத்தாள். வரிசையிலிருந்த டிரைவர் ஒருவர் மெல்ல அவன் அருகில் வந்து, "தங்கச்சிகிட்ட நமக்கும் கொஞ்சம் சொல்லேம்பா" என்றார்.

லூர்து தாளை அவர் முகத்துக்கு நேரே விரித்தான். "எனக்கே போடல, பாத்தியளா? உங்களுக்குப் போடுவாளா?"

கோபமாகத்தான் சொன்னான். ஆனால் அந்தத் தாளை மற்ற ஐந்து பேரிடமும் ஒவ்வொருவராகக் காட்டிவிட்டுத்தான் மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினான்.