முட்டியில் வைத்த பனி

மங்கையர்க்கரசி பனிக்குள் முதல் காலை வைத்ததும் காதில் செருகியிருந்த கருவிக்குள் அவள் கணவர் சிதம்பரநாதன் சிரித்தார். "ஏட்டி, பாதம் அப்படியே புதையுதே. இன்னொரு தடவ வை."

விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எந்த உணர்வும் இல்லாமல் தென்காசியில் படுத்திருப்பவர் அவர். கழுத்து முதல் பாதம் வரை அவள் போட்டிருந்த மெல்லிய உள்ளுடை, அவள் உடம்பு உணர்வதையெல்லாம் அங்கே நேராக அவர் மூளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மருத்துவமனையில் கெஞ்சி ஒரு நாளைக்கு அதை வாங்கி வந்திருந்தாள். இமயத்துப் பனியில் நடக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் ஆசை.

வழிகாட்டியின் பின்னால் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஏறினாள். ஒரு கிளை பனியைப் பிடரியில் கொட்டியதும் இருவரும் ஒன்றாகக் கூவினார்கள்.

"நிக்காத அரசி, உச்சியப் பாத்துரணும்" என்று அவர் விரட்டிக்கொண்டே வந்தார். செங்குத்தான ஏற்றத்தில் அவர் பேச்சு சட்டென்று நின்றது.

"முட்டியில இது என்ன வலி?"

"அது எப்பவும் உள்ளதுதான். வாங்க, போவோம்."

"எப்பவுமா? இதோடதான் தெனமும் என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுனியா?"

அவள் அடுத்த அடியை எடுத்து வைத்தாள்.

"உக்காரு" என்றார்.

பாறையில் உட்கார்ந்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, பனியை அள்ளி முட்டியில் வைத்து அழுத்தினாள். வலி மெல்ல மரத்தது. தென்காசியில் அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

"உச்சிக்குப் போக வேண்டாமா?" என்றாள்.

"போவோம். இன்னும் ரெண்டு கை அள்ளி வை. முதல்ல நமக்கு வலி அடங்கட்டும்."